எந்த அம்மணி?

நான்காம் நாள் பிற்பகலில், வேனில் இருந்த பதினான்கு பேரும் பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

முதல் நாள் அப்படி இல்லை. கிணத்துக்கடவிலிருந்து வேன் புறப்பட்டபோது பாட்டு என்ன, கைதட்டல் என்ன! மதுரையில் பாட்டு நின்றது. அடுத்த ஊரில் கைதட்டல் நின்றது. கன்னியாகுமரியில் முறுக்கும் தீர்ந்தது. இப்போது பழனியையும் முடித்துக்கொண்டு, வேன் உடுமலைப்பேட்டையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மே மாத வெயிலில் அதன் கூரை தோசைக்கல்லாகக் காய்ந்தது.

"இது சுற்றுலாவா, தண்டனையா?" என்று யாரோ முனகினார்கள். பதில் சொல்ல ஒருவருக்கும் தெம்பு இல்லை.

ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் ஈஸ்வரமூர்த்தி பெரியப்பா அமர்ந்திருந்தார். இந்தப் பயணத்துக்கு அவரே தலைவர். கழுத்தில் விசில், சட்டைப்பையில் ஒரு தாள். அந்தத் தாளில், 'கோவில், நாற்பது நிமிடம். கடல், இருபது நிமிடம். காப்பி, ஐந்து நிமிடம்' என்று எழுதியிருந்தது. தாள் சொன்னபடி அவர் விசிலை ஊதுவார். விசில் சொன்னபடி மற்றவர்கள் ஓடுவார்கள். நான்கு நாள் ஓடியதில் எல்லாருடைய கால்களும் வீங்கியிருந்தன.

லோகப்பிரியாவுக்குப் பத்து வயது. அவளுடைய தம்பி கிருபாசங்கருக்கு ஏழு. வேன் நகரத் தொடங்கினால் அவனுக்கு வாந்தி வரும். அதனால் சன்னலோர இருக்கை அவனுக்கே என்று முதல் நாளிலேயே முடிவாகிவிட்டது.

வேனின் கடைசி வரிசையில், குண்டான்களுக்கும் மண்ணெண்ணெய் அடுப்புக்கும் நடுவே, ராமாமணி அத்தை உட்கார்ந்திருந்தார். அவர் பெரியப்பாவின் தங்கை. பெரியப்பா வீட்டிலேயே இருப்பவர். அடுப்பைப் பார்த்துக்கொள்வது, ஈரத் துணிகளைக் காயப் போடுவது, கோவில் வாசலில் பதினான்கு பேரின் செருப்புகளைக் காப்பது, கிருபாசங்கருக்குப் பிளாஸ்டிக் பையை நீட்டுவது ஆகிய எல்லாம் அவர் பொறுப்பு. அவரிடம் இதை யாரும் ஒப்படைக்கவில்லை. அவர் செய்தார், அதனால் மற்றவர்கள் செய்யவில்லை.

லோகப்பிரியா மெல்ல எழுந்து, கடைசி வரிசைக்குப் போய், அடுப்பை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள்.

"ஏனுங்க அத்தை, கன்னியாகுமரியில கடலப் பாத்தீங்களா?"

"பாத்தேன், கண்ணு."

"எப்பங்க? எல்லாரும் எறங்குனப்ப நீங்க சோத்துக் குண்டானத்தானே கழுவிட்டிருந்தீங்க?"

"கழுவிட்டேதான் பாத்தேன். ரெண்டு கட்டடத்துக்கு நடுவால ஒரு சாண் தெரிஞ்சுது. நீலமாத்தான் இருந்துது."

"ஒரு சாண் கடலுங்களா?"

"ஊர்ல யாராச்சும் கேட்டா, கடலப் பாத்தேன்னு சொல்லலாமில்ல? எத்தனை சாண்னு அவங்க கேக்கப் போறதில்ல."

அத்தை சிரித்தார். லோகப்பிரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

சாலையை ஒட்டியே இருப்புப்பாதையும் ஓடிவந்தது. அத்தை குனிந்து, கண்ணாடி வழியாக அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ரயில்ல போனா வாந்தி வருமா, கண்ணு?"

"வராதுங்க அத்தை. பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போனப்ப யாருக்குமே வரல."

"அப்படின்னா, கையில பை இல்லாம சும்மா உக்காந்துட்டுப் போலாம்" என்றார் அத்தை. பிறகு, கிருபாசங்கரின் தலை அசைவதைக் கண்டு, பையோடு எழுந்து போனார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'அம்மணி' என்பது பெண்களை அன்போடு கூப்பிடும் விளிச்சொல், பெயர் அன்று. ஆனால் கொங்கு நாட்டு வீடுகளில் இந்த வேறுபாட்டை எவரும் மதிப்பதில்லை. பெரியப்பாவுக்குத் தங்கையும் அம்மணி. தம்பி மகள் லோகப்பிரியாவும் அம்மணி. இருவருக்கும் முறைப்படி பெயர் வைத்து, காது குத்தி, அழைப்பிதழ் அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுத்தார்கள். என்ன பயன்? வைத்த பெயர்கள் குடும்ப அட்டையில் உறங்குகின்றன.

உடுமலைப்பேட்டையில் ஒரு சோடாக் கடைக்கு முன்னால் வேன் நின்றது.

"அஞ்சே நிமிசம்!" என்றார் பெரியப்பா.

பாதிப் பேர் இறங்கவே இல்லை. லோகப்பிரியாவும் இறங்கவில்லை. தன் பழைய இடத்துக்கு வந்து, அம்மா கீதாவின் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

விசில் ஒலித்தது. இறங்கியவர்கள் திரும்ப ஏறினார்கள். பெரியப்பா வழக்கம்போலத் தலைகளை எண்ணத் தொடங்கினார். ஆறு வரை எண்ணினார். கொட்டாவி வந்தது. கொட்டாவி முடிந்தபோது ஆறா ஏழா என்பது மறந்துபோயிற்று. மறுபடியும் முதலிலிருந்து எண்ண அவருக்கும் தெம்பு இல்லை.

"அம்மணி, ஏறிட்டியா?" என்று பின்னால் திரும்பாமலே கேட்டார்.

"ஏறிட்டனுங்க" என்று கண்ணைத் திறக்காமலே சொன்னாள் லோகப்பிரியா.

"போலாம், பாய்."

ஓட்டுநர் அப்துல் நாசர் வண்டியைக் கிளப்பினார்.

கோமங்கலத்தைத் தாண்டும்போது கிருபாசங்கர் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அத்தே! வருது!"

பை வரவில்லை.

"அத்தே!"

அப்போதும் பை வரவில்லை. வர வேண்டியது வந்துவிட்டது. அது கீதாவின் புதுச் சேலையில் விழுந்தது. கீதா அலறிக்கொண்டே பின்னால் திரும்பினார். கடைசி வரிசையில் குண்டான்கள் இருந்தன, அடுப்பு இருந்தது, அத்தை இல்லை.

"ஐயோ, வண்டிய நிறுத்துங்க! அவங்களக் காணம்!"

நான்கு நாள்களாகத் தூங்கிக்கொண்டே வந்த லோகப்பிரியாவின் அப்பா மோகன்குமாரும் விழித்துக்கொண்டார். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"நான் கேட்டனே!" என்றார் பெரியப்பா. அவர் முகம் வெளுத்திருந்தது. "அம்மணி ஏறிட்டியான்னு கேட்டேன். ஏறிட்டேன்னு பதில் வந்துதே!"

பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அத்தை எங்கேயோ தனியாக நின்றுகொண்டிருக்கிறார். லோகப்பிரியா எழுந்து நின்றாள்.

"பெரியப்பா, அது நானுங்க."

"எது நீ?"

"ஏறிட்டனுங்கன்னு சொன்னது நானுங்க. என்னையத்தான் கேட்டீங்கன்னு நெனச்சேன். நானும் அம்மணிதானுங்களே."

கேட்டவரைக் குறை சொல்வதா, பதில் சொன்னவளைக் குறை சொல்வதா என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

"என்ற தங்கச்சி சந்தைக்குக்கூடத் தனியாப் போனதில்லையே!" என்றார் பெரியப்பா. "அங்க அழுதுட்டு நின்னுட்டு இருப்பாளே!"

நாசர் பாய் யாரும் சொல்வதற்கு முன்பே வண்டியைத் திருப்பியிருந்தார்.

சோடாக் கடைக்கு முன்னால் அத்தை இல்லை. கடைக்காரர் சீனிவாசலு மட்டும், பாட்டில்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீலச் சேலை கட்டுன அம்மாங்களா?" என்றார் அவர். "பின்னால கொழாயில மொகங் கழுவிட்டு வாரதுக்குள்ள உங்க வண்டி போயிருச்சு; கையக் காட்டிட்டுப் பத்தடி ஓடுனாங்க. அப்பறம் நின்னுட்டாங்க. அப்பறம் வந்து ஒரு பன்னீர் சோடா குடிச்சாங்க."

"அழுதாளா?"

"இல்லீங்க. இன்னொரு சோடா கேட்டாங்க."

பெரியப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இப்ப எங்க போனா?"

"கையோட இன்னொருத்தருக்குச் சோடா ஒடச்சிட்டு இருந்தேனுங்க, எந்தப் பக்கம் போனாங்கன்னு பாக்கல. 'எங்க ஊட்டு ஆளுக வந்து கேட்டா வாரேன்னு சொல்லிருங்க'ன்னு சொன்னாங்க."

"பாத்தீங்களா!" பெரியப்பாவின் முகத்தில் உயிர் வந்தது. "வாரேன்னு சொல்லியிருக்கறா! பக்கத்துல எங்கியாச்சும் போயிருப்பா; வந்துருவா. எல்லாரும் இங்கியே இருங்க. யாரும் நகரக் கூடாது."

யாருக்கும் நகரும் எண்ணமே இல்லை. கடை நிழலில் ஆளுக்கு ஓர் இடத்தில் அமர்ந்தார்கள். கீதா சேலையைக் கழுவிக்கொண்டார். மோகன்குமார் உட்கார்ந்தபடியே மறுபடியும் தூங்கினார். ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடம் போயிற்று. ஒவ்வொரு நீலச் சேலைக்கும் பெரியப்பா எழுந்தார். ஒவ்வொரு முறையும் திரும்ப உட்கார்ந்தார்.

லோகப்பிரியாவால் உட்கார முடியவில்லை. அத்தை சொன்ன சொல்லையே மனத்துக்குள் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாரேன். வாரேன். அதை யார் எப்போது சொல்வார்கள்? காலையில் மில்லுக்குப் போகும்போது அப்பா சொல்வார். விருந்து முடிந்து கிளம்பும்போது உறவினர்கள் சொல்வார்கள். பள்ளிக்கூடம் போகும்போது அவளே சொல்வாள்.

"பெரியப்பா! அத்தை திரும்பி வர மாட்டாங்க!"

"வாயைக் கழுவு! என்ன பேச்சு இது?"

"இல்லீங்க பெரியப்பா. அத்தை போறேன்னு சொல்லியிருக்காங்க."

"வாரேன்னு சொன்னா, அது எப்படி அம்மணி போறேன்னு ஆகும்?"

"நம்ம ஊட்டுல போறப்ப யாருங்க போறேன்னு சொல்றாங்க? வாரேன்னுதானே சொல்றாங்க?"

பெரியப்பா கடைக்காரரைப் பார்த்தார்.

"பாப்பா சொல்றது சரிதானுங்க" என்றார் சீனிவாசலு. "பூட்டுப் போட்டுட்டுப் போறப்ப நான் கடைகிட்டயே வாரேன்னுதான் சொல்லுவேன்."

வருவதும் போவதும் எதிர்ச்சொற்கள் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நம் வீட்டு வாசற்படிகளில் மட்டும் இரண்டும் ஒன்றே.

"அப்படின்னா எங்க போனா?" பெரியப்பாவின் குரல் உடைந்தது. "போலீசுக்குப் போலாமா? பஸ் ஸ்டாண்டுக்குப் போலாமா?"

"ஏனுங்க, இங்க ரயில்வே ஸ்டேஷன் எங்கீங்க?" என்று சீனிவாசலுவைக் கேட்டாள் லோகப்பிரியா.

உடுமலைப்பேட்டை நிலையத்தின் நடைமேடையில், ஒரு வேப்பமரத்தடியில், கல் இருக்கையில் அத்தை அமர்ந்திருந்தார். காலை மடக்கிக்கொண்டு, தண்டவாளம் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் பை இல்லை, கரண்டி இல்லை, பிறருடைய செருப்பு இல்லை. அத்தை எந்த வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதை லோகப்பிரியா அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

"அத்தே!"

அவள் ஓடிப்போய் அத்தையைக் கட்டிக்கொண்டாள். "நான்தானுங்க அத்தை தப்புப் பண்ணிப்போட்டேன். உங்களைக் கேட்டதுக்கு நான் பதில் சொல்லிப்போட்டேன்."

"அதனால என்ன, கண்ணு?" என்று அவள் முதுகைத் தடவினார் அத்தை. பிறகு குரலைத் தாழ்த்தினார். "வண்டி போனப்ப மொதல்ல திக்குன்னுதான் இருந்துது. கொஞ்ச நேரம் அப்படியே நின்னேன். யாரும் என்னைய எதுவும் கேக்கல. தண்ணி கேக்கல, துண்டு கேக்கல, பை கேக்கல. நாலு நாள்ல அந்தக் கொஞ்ச நேரந்தான் ஊரச் சுத்திப் பாத்த மாதிரி இருந்துது. சரி, வந்தது வந்தோம், ரயில்லயே ஊருக்குப் போயிரலாம்னு டிக்கெட் எடுத்தேன்."

அதற்குள் பெரியப்பா மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"ஏம்மணி, இப்படிப் பண்ணிப்போட்டியே! உசுரே போயிருச்சு. வா, வா, வேன் நிக்குது. நேரமாச்சு."

"சரிங்கண்ணா" என்றார் அத்தை.

அவர் உடனே எழுந்தார். சேலையைச் சரிசெய்துகொண்டார். பயணச்சீட்டைக் கைக்குள் மடக்கிக்கொண்டார். முகத்தில் கோபமோ வருத்தமோ எதுவும் இல்லை. குண்டான் கழுவப் போகும்போது அந்த முகம் எப்படி இருக்குமோ, அப்படியே இருந்தது.

லோகப்பிரியா அந்த முகத்தையே பார்த்தாள். கேட்டால்தான் கிடைக்கும். ஆனால் அத்தை ஒருபோதும் கேட்க மாட்டார். யாராவது ஒருவர் கேட்டாக வேண்டும்.

"பெரியப்பா, அத்தைய உட்டுட்டு வந்தது என்னோட தப்புத்தானுங்களே?"

"சரி, உடு. தெரியாமச் செஞ்சது."

"இல்லீங்க பெரியப்பா. தப்புப் பண்ணுனவங்கதான் அதச் சரி பண்ணோணும். அத்தைய நானே ரயில்ல பத்திரமா ஊருக்குக் கூட்டிட்டு வாரேனுங்க. ஒரு நிமிசங்கூடக் கண்ண எடுக்காம பாத்துக்கறேன். திரும்பவும் தொலைய உட மாட்டேன்."

பெரியப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ அவளக் கூட்டிட்டு வாரியா, அவ உன்னயக் கூட்டிட்டு வாராளா?"

"ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கூட்டிட்டு வாரோமுங்க."

"வேன் இருக்கறப்ப ரயில் எதுக்கு, அம்மணி? நேரம்..."

"நேரம் எல்லாம் தீந்துபோச்சுங்க பெரியப்பா. இனி பாக்கறதுக்கு ஒரு கோயிலும் இல்ல. ஊட்டுக்குத்தான் போகோணும். அத்தை இன்னும் ஒண்ணுமே பாக்கலீங்க. கடல்கூட ஒரு சாண்தானுங்க பாத்தாங்க."

"ஒரு சாணா?"

அத்தை தரையைப் பார்த்தார்.

பெரியப்பா அத்தை எழுந்த இடத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் தம்முடைய கால்கள் எவ்வளவு வலிக்கின்றன என்பது அவருக்குத் தெரிந்தது போலும். இரு கைகளாலும் முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

"நான் மட்டும் எங்க பாத்தேன்?" என்றார். "கடலுக்கு முன்னால நின்னுட்டுக் கைக் கடிகாரத்தத்தான் பாத்துட்டு இருந்தேன். எல்லாருத்தையும் கூட்டிட்டுப் போயி, கூட்டிட்டு வந்து சேர்த்தாப் போதும்னு ஆயிப்போச்சு."

அவர் தம் தங்கையை நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு ரயில்ல வாரதுக்கு ஆசையா, ராமாமணி?"

அண்ணன் தம்மைப் பெயர் சொல்லி அழைத்ததைக் கேட்டு அத்தை ஒரு கணம் விழித்தார்.

"ஆமாங்கண்ணா" என்றார்.

அவ்வளவுதான். பெரியப்பா எழுந்து போய், லோகப்பிரியாவுக்கு ஓர் அரைச்சீட்டு வாங்கிவந்தார். "எறங்குனதும் ஸ்டேஷனை உட்டு எங்கியும் போகக் கூடாது. வேனோட வந்து நிப்பேன்" என்று மூன்று முறை சொன்னார். கீதா ஓடிவந்து ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார். கிருபாசங்கர் தானும் வருவேன் என்று அழுதான்.

"நீயும் போயிட்டா நான் யார் பக்கத்துல உக்காருவேன், தம்பி?" என்றார் நாசர் பாய். "வா, முன்னாடி என்கிட்ட வந்து உக்காரு. ஆரன் அடிக்க உடறேன்."

அழுகை உடனே நின்றது.

இரயில் அரை மணி நேரம் தாமதமாக வந்தது. கூட்டம் குறைவாக இருந்தது. சன்னலோரத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது.

"நீ உக்காரு, கண்ணு" என்றார் அத்தை.

"நீங்க உக்காருங்க அத்தை."

"கொழந்தைகதான் வேடிக்கை பாக்கோணும்."

"நான் கண்ண எடுக்காம உங்களத்தானே பாத்துட்டு வரோணும்? பெரியப்பாகிட்டச் சொல்லியிருக்கறேனில்ல? எனக்குச் சன்னல் எதுக்குங்க?"

அத்தை உட்கார்ந்தார். முதலில் இருக்கையின் நுனியில், யாராவது கூப்பிட்டால் எழுந்துகொள்ளும்படி உட்கார்ந்தார். கோமங்கலம் வருவதற்குள் நன்றாகச் சாய்ந்துகொண்டார். சன்னல் வழியாக வந்த காற்று அவர் முடியைக் கலைத்தது. அவர் அதை ஒதுக்கவில்லை. தென்னந்தோப்புகள் வந்தன, போயின. தெற்கே மலைகள் நீலமாகக் கூடவே வந்தன.

"இதுதான் பொள்ளாச்சியா? வேன்ல போறப்ப வேற மாதிரி இருந்துதே" என்றார். ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கி, முதலில் தாமே ஒன்றை எடுத்துத் தின்றார். பிறகுதான் லோகப்பிரியாவுக்குக் கொடுத்தார்.

"இந்த வண்டி நம்ம ஊரத் தாண்டி எங்க கண்ணு போகும்?"

"போத்தனூர், கோயமுத்தூருங்க அத்தை."

"அங்கிருந்து?"

"அங்கிருந்து வேற வண்டியில மாறிட்டா, எங்க வேணும்னாலும் போலாமுங்க."

"எங்க வேணும்னாலுமா?" என்று கேட்டுக்கொண்டு, அத்தை சிறிது நேரம் கடலையை மெல்லுவதையே மறந்திருந்தார்.

கிணத்துக்கடவு நெருங்கியது. நிலையத்துக்குச் சற்று முன்னால் சாலை குறுக்கிடும் இடத்தில், இரயிலுக்காகக் கேட் மூடியிருந்தது. மூடிய கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மாட்டு வண்டி, இரண்டு மிதிவண்டிகள். அவற்றின் பின்னால் அவர்களுடைய வேன்.

"அத்தே, அங்க பாருங்க! நம்ம வேன்!"

நாசர் பாய் எஞ்சினை அணைத்துவிட்டு, தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார். கிருபாசங்கர் ஆரனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தான். பெரியப்பா கீழே இறங்கி, கேட்டின் மேல் இரு கைகளையும் ஊன்றி, கடந்துபோகும் ஒவ்வொரு பெட்டியிலும் அவர்களைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஐயோ, பாவம்" என்றாள் லோகப்பிரியா. "வெயில்ல நமக்காக நிக்கறாங்க."

அத்தை சன்னல் வழியாகக் கையை நீட்டி அண்ணனைப் பார்த்து ஆட்டினார். பிறகு மறுபடியும் நன்றாகச் சாய்ந்துகொண்டு, அடுத்த கடலையை உரித்தார்.

"நிக்கட்டும், கண்ணு."